மறையூரில் தூசி, மூணாறில் மழை: மூன்று டயர்கள், ஒரு மலைப்பாதை

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு ஏறும் சாலையை விட, கார் டயரைச் சோதித்துப் பார்க்க வாகான சாலை தென்னிந்தியாவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சின்னாறும் மறையூரும் மழை மறைவுப் பகுதிகள். ஜூலையில்கூட அங்கே முள்மரங்களுக்கு நடுவே தூசி பறக்கும். மறையூரிலிருந்து மூணாறு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அதற்குள் தேயிலைத் தோட்டம் தொடங்கிவிடும். எரவிகுளம் பக்கம் போய்ச் சேரும்போது தென்மேற்குப் பருவமழை கண்ணாடியில் அறையும். காய்ந்த தார், நனைந்த தார், தேங்கிய தண்ணீர், மலையிலிருந்து கரைந்து வந்து வளைவில் படிந்த செம்மண் சேறு எல்லாம் ஒரே ஏற்றத்தில் கிடைத்துவிடும்.

இதன் ஒரு முனையில் பாலக்காட்டு வெயிலையும் மறுமுனையில் போடிமெட்டு இறக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். வாளையாறு, பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு, பூப்பாறை, போடி. எல்லையின் இரு பக்கமும் தமிழ் பேசும் ஊர்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் சொந்தங்கள் ஏறி இறங்கும் பாதை இது.

கார் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 ஜிடி, 150 குதிரைத்திறன். டயர் அளவு 205/55 ஆர்16. அதே ரிம்மில் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியவை மூன்று: மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4, அப்போலோவின் விரெடெஸ்டீன் அல்ட்ராக், எம்ஆர்எஃப் பெர்ஃபின்ஸா. முதலாவது முழு விளையாட்டு வீரன். இரண்டாவது வேகத்துக்கும் சொகுசுக்கும் நடுவில் நிற்பது. மூன்றாவது சொகுசுக்காகவே செய்யப்பட்டது. வீட்டுக்குக் கார் வாங்குபவர் கடையில் கேட்கும் ரகம் என்பதால் சேர்த்தேன்.

ஐரோப்பாவில் இவற்றைக் ‘கோடை டயர்’ என்பார்கள். வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வகை ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும் என்பதால் அங்கே குளிர்காலத்துக்குத் தனி டயர் மாட்டுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை எதற்கு என்று தோன்றும். ஜனவரி விடியற்காலையில் மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பாலக்காடு மாவட்டத்து மலம்புழையில் 2016 ஏப்ரலில் 41.9 டிகிரி பதிவானது. இந்த இரண்டு கோடிகளையும் ஒரே டயர் தாங்க வேண்டும்.

முதலில் வெயில். பாலக்காட்டுக் கணவாயில் நண்பகல் தாரின் சூடு காற்றின் சூட்டை விட வெகுவாக ஏறிவிடும். வாளையாறு, கஞ்சிக்கோடு நெடுஞ்சாலையில் மூன்றுமே தயக்கமின்றி ஓடின. காய்ந்த சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், மூன்றுக்கும் பிடிமானத்தில் உள்ள வேறுபாடு சாதாரண ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தது வேறொன்று. கணவாயில் பக்கவாட்டுக் காற்று காரைத் தள்ளும்போது பைலட் ஸ்போர்ட்டில் ஸ்டீயரிங்கை ஒரு நூல் திருப்பினால் போதும், கார் நேராகிவிடுகிறது. அல்ட்ராக்கில் அதற்கு அரைக்கணம் கூடுதல். பெர்ஃபின்ஸாவில் திருத்தம் இன்னும் நிதானமாக வருகிறது. பதிலுக்குக் காருக்குள் அமைதி நிறைகிறது. கோபாலபுரம் பக்கத்துச் சொரசொரப்பான தாரில் பின்சீட்டில் இருப்பவர்கள் குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டு வரலாம்.

இந்த அமைதியைக் குறைவாக மதிக்காதீர்கள். கோவையிலிருந்து கிளம்பி அரைநாள் காரில் உட்காரும் வயதான அம்மாவுக்கு அதுதான் முதல் தேவை.

மறையூர் தாண்டி மழைக்குள் நுழைந்ததும்தான் கணக்கு மாறுகிறது. இன்றைய உயர்திறன் டயரின் பட்டன்களில் கரிப்பொடியோடு சிலிக்காவும் கலந்திருக்கும். அதனால்தான் நனைந்த தாரின் நுண்ணிய மேடுபள்ளங்களை அந்த ரப்பர் நன்றாகக் கவ்வுகிறது. கோட்டயத்தில் ரப்பர் வாரியம் இருக்கும் மாநிலத்தில் இதைச் சொல்வது விந்தையாகப்படும்: கேரளத் தோட்டங்களில் இறங்கும் ரப்பர் பால், லாரி டயருக்கும், கார் டயரின் பக்கச்சுவர், உள்ளுடல் போன்ற பகுதிகளுக்கும்தான் பெரும்பாலும் போகிறது. கார் டயரின் தரையைத் தொடும் பகுதியில் பெரும்பங்கு செயற்கை ரப்பர்.

தேயிலைக் காட்டு வளைவுகளில் பைலட் ஸ்போர்ட் 4 மற்ற இரண்டையும் தெளிவாக முந்தியது. பிரேக்கை அழுத்தியதும் ஏபிஎஸ் துடிக்கத் தொடங்கும் இடம் வெகுவாகத் தள்ளிப்போகிறது. தேங்கிய தண்ணீருக்குள் ஒரு பக்கச் சக்கரங்கள் இறங்கும்போதும் ஸ்டீயரிங் கையைவிட்டு நழுவுவதில்லை. அல்ட்ராக் இதற்கு நான் எதிர்பார்த்ததை விட நெருக்கமாக வந்தது. விலையில் உள்ள இடைவெளி பிடிமானத்தில் இல்லை. பெர்ஃபின்ஸா தன் எல்லையை முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிடுகிறது. அவசரப்படாத ஓட்டுநருக்கு அது போதும்.

அப்போலோவின் முதல் ஆலை திருச்சூர் மாவட்டம் சாலக்குடி அருகே பேராம்பிராவில் உள்ளது. அந்த நிறுவனம் 2009இல் நெதர்லாந்தின் விரெடெஸ்டீனை வாங்கி, 2021இல் அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, பெரிய கார்களுக்கான அளவுகள் கிடைப்பதே பாடாக இருந்தது. அந்த நேரத்தில் உள்நாட்டில் இந்தத் தரம் கிடைத்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். எம்ஆர்எஃப் 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் என்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்ததே.

போடிமெட்டு இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 17 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறது. 1,300 கிலோ எடையுள்ள கார் இந்த இறக்கத்தில் விடும் ஆற்றல் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது எஞ்சினில் போக வேண்டும், இல்லையேல் பிரேக்கில். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிஸ்க்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். இரண்டாவது கியரில் இறக்கினால் மூன்று டயர்களுமே கீழே போடி வரை நிதானமாக வந்து சேர்கின்றன. அதைச் செய்யாதவருக்கு எந்த விலையுயர்ந்த டயரும் உதவாது.

காற்று அழுத்தத்தில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. பாலக்காட்டில் 40 டிகிரியில், வண்டி ஓடாதபோது, 33 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு மூணாறு போகிறீர்கள். அங்கே 15 டிகிரி. வெறும் குளிரை மட்டும் பார்த்தால் 29 அளவுக்கு இறங்க வேண்டும். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருப்பதால், மீட்டர் 31 அல்லது 32 காட்டும். அங்கேயே போய்க் காற்று அடிக்கத் தேவையில்லை. மறுபுறம், மூணாறில் 5 டிகிரி விடியலில் 33 அடித்துவிட்டு அன்றே பாலக்காட்டு வெயிலுக்கு இறங்கினால், ஓட்டத்தின் சூடு சேராமலே அது 36ஐத் தாண்டும். கீழே வந்து ஆறிய பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அழகுக்காக 17, 18 அங்குல ரிம்முக்கு மாறும் ஆசையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குட்டையாகும். எஸ்டேட் சாலைகளில் தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் கத்திபோல் ஒரு விளிம்பு நிற்கும். எதிரே பஸ் வந்து ஒதுங்கும்போது அந்த விளிம்பில் குட்டையான பக்கச்சுவர் நசுங்கினால் உள்ளே நூல் அறுந்து புடைப்பு விழும். புடைத்த டயரை ஒட்டவைக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். 16 அங்குலத்தில் 55 விகிதப் பக்கச்சுவர் இந்த மலைக்கு மிகப் பொருத்தம். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பரிந்துரை இது. மாதம் ஒருமுறையாவது மழையில் மலை ஏறுபவர், தனியாக ரசித்து ஓட்டுபவர், பைலட் ஸ்போர்ட் 4க்குப் பணம் கொடுக்கலாம். ஆண்டின் பெரும்பகுதி கோவை, பாலக்காடு என்று சமவெளியில் ஓடி, விடுமுறைக்கு மூணாறோ தேவிகுளமோ போகும் குடும்பத்துக்குப் பெர்ஃபின்ஸா நிறைவாக இருக்கும். இரண்டும் கலந்த வாழ்க்கைக்கு அல்ட்ராக். என் சொந்தக் காசில் நான் வாங்குவதும் அதைத்தான்.

எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. இந்த அளவு டயர்கள் சிறிய ஊர்க் கடைகளில் மெதுவாகத்தான் விற்கும். ரேக்கில் நெடுநாள் கிடந்ததைத் தலையில் கட்டிவிட வாய்ப்புண்டு. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும்வரை சட்டம் அனுமதிக்கிறது. மூணாறு மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், பருவமழைக்கு முன்பே, மாற்றிவிடுங்கள்.