லத்வியாவின் கணக்கில் விடுபட்டோர்

2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பால்டிக் கடலோர நாடாகிய லத்வியாவை நிலைகுலையச் செய்தது. 2009 சனவரியில் தலைநகர் ரீகாவில் கலகம் மூண்டது. அடுத்த திங்களே அமைச்சரவை பதவி விலகியது. அதன்பின் பிரதமரான வால்டிஸ் டோம்பிரோவ்ஸ்கிஸ், பொருளியலறிஞர் ஆண்டர்ஸ் ஓஸ்லுண்ட் ஆகிய இருவரும் எழுதி 2011இல் வெளிவந்த நூல், அந்நாடு மீண்ட வகையை எடுத்துரைக்கின்றது.

நாணய மதிப்பைக் குறைக்காது, ஊதியத்தையும் அரசுச் செலவையும் குறைத்ததே சிறந்த வழி என்பது நூலின் முடிபு. இதனை முற்றும் மறுத்தற்கில்லை. வளர்ச்சி திரும்பியது, 2010 தேர்தலில் டோம்பிரோவ்ஸ்கிசின் அணியே வென்றது. கடுஞ்சிக்கனம் ஆட்சியைக் கவிழ்க்கும் என்னும் பொதுக்கருத்து அங்குப் பொய்த்தது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23.8 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 20.7 இலட்சமாயிற்று. பிறப்பினும் இறப்பு மிகுந்தமை ஒரு காரணம். பிழைப்புத் தேடி அயல்நாடு சென்றோர் அதனினும் பலர். நெருக்கடிக் காலத்தில் அவ்வெளியேற்றம் மேலும் மிகுந்தது. வெளியேறியவர் வேலையற்றோர் பட்டியலிலும் இல்லை. வீதிக் கிளர்ச்சியிலும் இல்லை. ஆதலின், அந்நாட்டின் அமைதி முழுவதையும் மக்களின் உடன்பாடு எனக் கொள்ளுதல் பொருந்தாது.

மருந்து கொடுத்தவரே எழுதிய நோய்க்குறிப்பு இந்நூல். பிணியாளர் கூற்றையும் உடன்வைத்துப் படிப்பதே முறை.