சார்லியின் பில்

'777 சார்லி' (2022) பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்காதவர்கள் குறைவு. கன்னடப் படம், தமிழிலும் டப் ஆகி வந்தது. இயக்கம் கிரண்ராஜ். யாரோடும் ஒட்டாத தொழிலாளி தர்மாவிடம் (ரக்‌ஷித் ஷெட்டி) ஒரு லாப்ரடார் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் புற்றுநோய். திருட்டுத்தனமாக நாய் வளர்த்து விற்பவன் ரத்த உறவுக்குள்ளேயே குட்டி போடவைத்ததன் பலன். குணமாகாது என்று தெரிந்ததும் சைடு காரில் உட்காரவைத்துப் பனி காட்டக் கிளம்பிவிடுகிறான் தர்மா.

நாயின் நடிப்பு பிரமாதம். சேட்டைகளைக் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். ஆனால் என் சண்டை அதுவல்ல. 'குணமாகாது' என்று டாக்டர் சொன்ன நிமிஷத்தில் டாக்டர் பில் என்கிற சமாச்சாரமும் கதையைவிட்டு ஓடிவிடுகிறது. சாகப்போகும் நாய்க்கு அன்பும் பெட்ரோலும் போதும். பிழைக்கக்கூடிய நாய்க்குத்தான் சார், பணம் வேண்டும்!

சார்லிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். லாப்ரடார்களுக்குச் சகஜமான, பரம்பரையாக வரும் வியாதி. எக்ஸ்ரே, வலி மாத்திரை, முற்றினால் ஆபரேஷன். தர்மா என்ன செய்வான்? இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பாலிசிக்கு முன்பே வந்துவிட்ட நோய்க்கும் பிறவிக் கோளாறுக்கும் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. வீடு பற்றிக்கொண்ட பிறகு தீ இன்ஷூரன்ஸ் யார் தருவார்? ஆக, பேராசைக்காரன் விற்ற குட்டியின் பில், அதை நேசித்தவன் தலையில்.

பணமில்லாத ஒரே காரணத்துக்காக, பிழைக்கக்கூடிய பிராணியை ஊசி போட்டு அனுப்பிவைப்பதற்குக் கால்நடை மருத்துவர்கள் 'எகனாமிக் யூதனேஷியா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதைப் படமாக எடுத்தால் பாட்டு, பனி எதுவும் வைக்க முடியாது. ஆஸ்பத்திரி பெஞ்ச், எஸ்டிமேட் எழுதிய ஒரு காகிதம், பக்கத்தில் விஷயம் தெரியாமல் வாலாட்டும் நாய். அவ்வளவுதான். அதை எடுக்கத்தான் தைரியம் வேண்டும்.

படம் பார்த்துவிட்டு லாப்ரடார் வாங்கக் கிளம்புபவர்கள் குட்டியைக் கொஞ்சுவதற்கு முன் அதன் தாயைப் பார்த்துவிடுங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போதே பாலிசி எடுங்கள். எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்று பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். மாதாமாதம் நாய் பேரில் கொஞ்சம் தனியாகப் போட்டுவையுங்கள்.

பனி பார்க்கும் ஆசை எல்லா நாய்க்கும் இருக்காது. எக்ஸ்ரே எல்லா நாய்க்கும் ஒருநாள் தேவைப்படலாம்.