காமன் கூத்தும் அதன் சுவைஞரும்

பதுளை, பசறை, ஹாலி-எல முதலான பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே மாசி வளர்பிறையில் காமன் ஊன்றப்படும். சிவன் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிவதும், இரதி புலம்புவதும், அவன் மீண்டெழுவதுமே கதை. முடிவை அறியாத சிறுவன்கூட அங்கில்லை. அறிந்த கதையை விடிய விடியக் காணும் இவ்வார்வத்தை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

இச்சுவைஞர் கதையைப் பார்க்க வருவதில்லை. ஆட்டத்தைப் பார்க்க வருகின்றனர். மரபுப்படி இரதியாக ஆடுபவன் ஓர் ஆண். பகலில் இவர்களுடன் கவ்வாத்து வெட்டியவன். அவன் அடி தப்பின் தாளத்துக்கு இசைகின்றதா என நோக்குவோர், முன்னைய ஆண்டுகளில் அவ்வேடமிட்டவரை நினைவிற்கொண்டே மதிப்பிடுகின்றனர். புலம்பலின் தரத்தைச் சொல்பவர்களோ பெண்கள். இழவு வீடுகளில் ஒப்பாரி வைத்துப் பழகிய செவியை ஏமாற்றுதல் எளிதன்று. (நாடக விமரிசனம் எழுதுவோர் பலருக்கு இப்பயிற்சி வாய்ப்பதில்லை.) பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றையும் இவர்கள் இவ்வாறே நோக்குவர்.

லயங்களின் முன்னே கூத்தர் ஆடிச் செல்லக் கூட்டமும் உடன் செல்லும். நகர மண்டபத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக இக்கூத்துச் சுருக்கப்படும்போது முதலில் பறிபோவது இவ்வுரிமையே. இருக்கையில் அமர்ந்தவன் கைதட்டலாம். ஆடுபவன் மறந்த அடியை எடுத்துக் கொடுத்தல் இயலாது. தோட்டத்திலோ, விடிந்ததும் பிரட்டுக்குச் செல்ல வேண்டியவர்களே அவ்வடியை எடுத்துக் கொடுக்கின்றனர். அடுத்த மாசிக்கு இரதி யார் என்ற வழக்கும் கொழுந்து மலையிலேயே தொடங்கிவிடுவதுண்டு.