தோற்றுத் திரும்பிய அரசர்கள்: தொண்டை மண்டலத்தில் சோழர் மீட்சி

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்துப் படுத்திருக்காது. முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே வாசலைப் பார்க்கும். சண்டைக்குப் புறப்படும் கோலம் என்பார்கள். புழல் கோட்டையிலிருந்த குறும்பரை ஒடுக்கப் போன தொண்டைமான் முதலில் தோற்றுத் திரும்புகிறான். வழியில் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான், கொடிக்குள் இருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து ரத்தம் கசிகிறது. இறைவன் பொறுத்தருளி நந்தியைத் துணைக்கு அனுப்ப, மறுபடி போய் ஜெயிக்கிறான். கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் எருக்கந்தூண்கள் இரண்டும் இன்றும் கருவறைக்கு முன்னால் நிற்கின்றன. வெட்டுப்பட்ட திருமேனிக்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. சித்திரை சதயத்தன்றுதான் களைவார்கள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கும் இந்தத் தலத்தின் கதையில் என்னைக் கவர்வது அந்த முதல் தோல்விதான். எதிரியை ஒரே வீச்சில் அழிக்கும் மன்னர்களே நம் தலபுராணங்களில் அதிகம். தோற்று, உதவி கேட்டு, திரும்பி வந்து நாட்டைப் பிடித்தவன் என்பது வேறு வகை. இங்கிலாந்தின் நான்காம் எட்வர்டு அந்த வகை: 1470-இல் நாட்டை விட்டு ஓடி, பர்கண்டியின் உதவியோடு 1471-இல் திரும்பி, பார்னெட்டிலும் டூக்ஸ்பரியிலும் வென்று, 1483-இல் இறக்கும்வரை அரியணையில் இருந்தான். தொண்டை மண்டலத்தைச் சோழர் இழந்ததும் மீட்டதும் இதைவிட நீண்ட கதை. அதை எழுதியவர்கள் எதைப் பார்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதே இக்கட்டுரை.

குறும்பர் கதையை முதலில் அச்சேற்றியவர்களுக்கு அரச வரலாற்றில் அவ்வளவு அக்கறை கிடையாது. 1818-இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் மிராசு (பரம்பரை நில) உரிமை பற்றி எழுதியபோது, குறும்பரின் இருபத்துநான்கு கோட்டைகளும் தொண்டைமானாகச் சொல்லப்படும் ஆதொண்டைச் சக்கரவர்த்தியும் அதில் இடம்பெற்றனர். குறும்பரை வென்ற ஆதொண்டைதான் வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான், ஆகவே நிலம் அவர்களுடையது என்பது வாதம். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளிலும் புழல் கோட்டை உண்டு. 1893-இல் குஸ்தாவ் ஓப்பர்ட் அதைத் தொகுத்து எழுதினார். நூறாண்டு கழித்து, 1994-இல், யூஜின் இர்ஷிக்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: இந்தக் கதை வெள்ளைக்காரர் காலத்தில் யாருக்குப் பயன்பட்டது? வெற்றிக் கதை பட்டாவாக மாறிய விதத்தை அவர் காட்டியது அரிய வேலை. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்டைமானின் யானையும் முல்லைக்கொடியும் சுந்தரர் தேவாரத்திலேயே வந்துவிடுகின்றன. ஆதொண்டை குலோத்துங்க சோழனின் மகன் என்ற பிற்கால மரபு அந்த இடத்திலேயே தடுமாறுகிறது. முதல் குலோத்துங்கன் ஆளத் தொடங்கியது 1070-இல், சுந்தரருக்கு வெகுகாலம் கழித்து.

கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் வந்தபிறகு கதை போர்க்களத்துக்கு நகர்ந்தது. ஆவடியில் ரயில் ஏறினால் அரக்கோணம், அங்கிருந்து செங்கல்பட்டுப் பாதையில் தக்கோலம். 949-இல் அங்கேதான் முதல் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. அதன்பின் தொண்டை மண்டலத்து ஊர்கள், ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனை ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்று எழுதி, அவனுடைய ஆட்சியாண்டில் காலம் குறித்தன. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் இந்த ஆண்டுக் குறிப்புகளை வைத்தே மீட்சியை அளந்தார்கள். எந்த ஊர் எப்போது கன்னரதேவன் ஆண்டை விட்டுச் சோழன் ஆண்டுக்கு மாறுகிறது? எளிய, நேர்மையான முறை. சென்னை வட்டாரத்துக்கு இதையே நெருங்கி நின்று செய்தது கே.வி. ராமனின் 1959-ஆம் ஆண்டு நூல்.

முறை சிக்குவது பார்த்திவேந்திரவர்மனிடம். பாண்டியன் தலைகொண்டவன் என்ற விருதோடு தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் மட்டும் வந்து போகிறவன் இவன். வீரபாண்டியன் தலைகொண்ட சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்த கரிகாலனே இவன் என்று ஒரு கட்சி. வடக்கே சோழருக்காக ஆண்ட வேறொருவன் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது சரியென்றால், நாட்டை மீட்டவன் ஒருவன், ஊர்க்காரர்கள் பெயர் எழுதியது இன்னொருவனுக்கு என்றாகும். சண்டை இன்னும் ஓயவில்லை. ஓய வேண்டிய அவசரமும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழன் செப்பேடு போதிய அளவு பேசப்படவில்லை. அவனுடைய பதினாறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சினிமாவும் நாவலும் உத்தமனை ஓரத்தில் நிறுத்திவிட்டன. ஆனால் இந்தச் செப்பேட்டில் அவன் கச்சிப்பேட்டு அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறான். அதிகாரி ஒருவன் விண்ணப்பம் செய்கிறான். விஷயம் என்ன? ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குச் சேர வேண்டிய வருமானம். சந்தையில் நிறுத்தும் அளந்தும் விற்கும் சரக்கின்மேல் வரும் கூலி கோயிலுக்குப் போக வேண்டும். பொலிசைக்குக் கொடுத்த பொன்னுக்கு வட்டி ஒழுங்காக வர வேண்டும். எந்தச் சேரியார் கணக்கை மேற்பார்க்க வேண்டும் என்று நெசவாளர் குடியிருப்புகளுக்குப் பொறுப்பு பிரிக்கப்படுகிறது. படை, குதிரை ஒன்றும் இல்லை. இருபதாண்டுக்குமுன் கன்னரதேவன் கையிலிருந்த நகரத்தில் சோழன் தராசுக் கூலியைத் தீர்மானிக்கிறான். உத்தமனுக்கு முன் ஆண்ட சுந்தர சோழன் காஞ்சிப் பொன் மாளிகையில் இறந்ததைவிட மீட்சிக்கு இது வலுவான சான்று என்பது என் கருத்து. உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியின் நிலக்கொடைக் கல்வெட்டு திருமுல்லைவாயிலில் இருப்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பக்தி உண்மைதான். புழல் கோட்டத்தில் அரச குடும்பத்தின் கை எட்டுகிறது என்பதும் உண்மை.

முதலாம் ராஜராஜன் செய்தவை பலருக்கும் தெரிந்தவை. ஆதித்தனைக் கொன்றவர்களின் உறவினர் சொத்தைப் பறித்த உடையார்குடிக் கல்வெட்டு, மெய்க்கீர்த்தி, 1001-ஐ ஒட்டிய நில அளவை, தொண்டை மண்டலத்துக்கு ஜெயங்கொண்ட சோழ மண்டலம் என்ற புதுப்பெயர்.

1980-இல் பர்டன் ஸ்டைன் இந்தக் கட்டடத்தையே அசைத்துப் பார்த்தார். சோழன் தன் மையப்பகுதிக்கு வெளியே சடங்கு அளவில்தான் அரசன், உண்மை அதிகாரம் ‘நாடு’ என்ற வட்டார அமைப்புகளிடம் இருந்தது என்றார். ஆப்பிரிக்க ஆலூர் மக்களைப் பற்றிய சௌத்தாலின் ஆய்வு அவருக்கு முன்மாதிரி. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஊர் ஊராக, வரிப்பெயர், அதிகாரிப் பெயர் என்று எண்ணிப் பதில் சொன்னார்கள். 1978-இல் மட்சுயியோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பு அந்தப் பொறுமைக்குச் சாட்சி. ஸ்டைன் சொன்னதில் பாதி நிற்கும். ஆனால் சடங்கு அரசன் தராசுக் கூலியில் தலையிட்டான் என்பதை அவருடைய சட்டகத்துக்குள் வைப்பது கஷ்டம்.

ஸ்டைனுக்குச் சாதகமான நூற்றாண்டு பதின்மூன்றாவது. மூன்றாம் குலோத்துங்கன் 1196-ஐ ஒட்டிக் காஞ்சியை மீட்டான். அவன் காலத்திலேயே சம்புவராயர் முதலான சிற்றரசர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து வந்த மூன்றாம் ராஜராஜனைக் காடவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். 1231-இல் நடந்த மீட்பை, கடலூர்ப் பக்கம் திருவயிந்திபுரம் கல்வெட்டு ஏறக்குறைய நாட்குறிப்புப் போல எழுதுகிறது: போசள நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான், தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் காடவன் ஊர்களைக் கொளுத்திக்கொண்டே முன்னேறுகிறார்கள், கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவிக்கிறான். நரசிம்மனுக்குச் சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன் என்ற விருது. கோப்பெருஞ்சிங்கனோ அழியவில்லை; பிறகு அவனே தன் ஆட்சியாண்டில் கல்வெட்டு வெட்டுகிறான்.

எட்வர்டு திரும்பியபோது எதிரிகள் களத்தில் செத்தார்கள், அவர்கள் நிலம் அவன் கைக்கு வந்தது. மூன்றாம் ராஜராஜன் திரும்பியபோது சிற்றரசர் ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். ஆனாலும் தொண்டை மண்டலத்துக் கோயில் சுவர்களில் அவனுடைய ஆட்சியாண்டு விடாமல் வருகிறது. சாஸ்திரி காலத்து முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் மீட்சி வெற்றி என்றே முடிவு கட்டத் தோன்றும். பத்தாம் நூற்றாண்டில் நன்றாக வேலை செய்த அளவுகோல் இங்கே ஏமாற்றுகிறது. ஆண்டுக்குப் பின்னால் வரும் வரிகளைப் படிக்க வேண்டும்: கொடுப்பவன் யார், வரியைத் தள்ளிவிட்டவன் யார், எந்தக் காசு. காஞ்சி வட்டாரத்தில் அந்தக் காசு பெரும்பாலும் கண்டகோபாலன் மாடை, நெல்லூர்த் தெலுங்குச் சோழர் பெயரில் வழங்கியது. புழல், புலியூர்க் கோட்டங்களின் கல்வெட்டுகளை இந்த மூன்று கேள்விகளோடு ஊர்வாரியாக எண்ணிப் பார்க்கும் வேலை கராஷிமா வழியில் வரும் அடுத்த தலைமுறைக்கு அப்படியே காத்திருக்கிறது.