போர்ப்படமும் வட்டக்கச்சியின் காதும்

செல் புறப்படும் சத்தம் வேறு, வந்து விழும் சத்தம் வேறு. வட்டக்கச்சியில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட இது தெரிந்திருந்தது. தூரத்தில் குத்துச் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் பாய எவ்வளவு நேரம் இருக்கிறதென்று அதன் உடம்பு கணக்குப் போட்டுவிடும். இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைவித்த இந்தக் குடியேற்றக் கிராமம், 2009 சனவரியில் கிளிநொச்சி வீழ்ந்த பின் தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே பெயர்ந்தபோது, பலரின் உயிரைக் காத்தது அந்தக் காதுதான். உலகம் மெச்சும் போர்ப்படங்களை அந்தக் காதால் அளந்து பார்க்க விரும்புகிறேன்.

போரைப் பாடுவதில் நமக்கு நீண்ட மரபுண்டு. வெட்சி முதல் வாகை வரை திணை வகுத்தவர்கள் நாம். வெற்றியைப் பாடவே பிறந்த கலிங்கத்துப்பரணியிலும் ஓர் உண்மை தப்பி நிற்கிறது. தோற்ற கலிங்க வீரர்கள் வில் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கை ஆட வந்தவர்களென்று சொல்லித் தப்பப் பார்க்கிறார்கள். செயங்கொண்டார் அதை நகைச்சுவையாகத்தான் பாடினார். உயிருக்குப் பயந்து சீருடையைக் கழற்றி எறிந்தவர்களைக் கண்ட நமக்கு அங்கே சிரிப்பு வருவதில்லை.

திரையில் போரைக் காட்டும் பள்ளிகளில் வீரப் பள்ளிதான் மூத்தது, கூட்டமும் அதற்கே அதிகம். அங்கே நாயகன் நிமிர்ந்து ஓடுவான், குண்டுகள் அவனை விட்டு விலகிப் போகும். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் கித்துல்கலையில் படமாகி 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம் நாட்டு ஆற்றின் மேல் பாலம் கட்டி எடுத்த அந்தப் படத்தில், அதன் கதைக்களமான சயாம் – பர்மா ரயில் பாதையில் ஆயிரமாயிரமாய் மாண்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளருக்கு இடமே இல்லை. ஏழு ஒஸ்கார் விருதுகள் அந்தக் குறையை மறைத்துவிடா.

அடுத்தது, களத்தில் நின்றவர்களைத் துணைக்கு அழைத்து எடுக்கும் பள்ளி. லூயிஸ் மைல்ஸ்டோன் 1930இல் எடுத்த ‘ஆல் குவைட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ அதன் தலைப்பிள்ளை. அதிலுள்ள பங்கர் காட்சியை நம் ஊரவர் ஒருமுறையாவது பார்க்கவேண்டும். மேலே ஓயாமல் எறிகணை விழுகிறது. கூரையிலிருந்து மண் கொட்டுகிறது. எலிகள் ஓடுகின்றன. செய்வதற்கு ஒன்றுமில்லை, இருப்பதுதான் வேலை. ஒருவன் இருக்கமுடியாமல் கத்திக்கொண்டு வெளியே ஓடி அடிபடுகிறான். பனங்குற்றி அடுக்கிய கூரைக்குக் கீழே, “வெளியில போகாதை” என்று யாரையாவது இழுத்துப் பிடித்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. துப்பாக்கி சுடுவதைவிடச் சும்மா இருப்பது கொடிது என்பதை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் படம் கண்டுகொண்டது.

ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) இந்தப் பள்ளியின் பெரும்புகழ் பெற்ற படம். ஒமாகா கடற்கரையில் இறங்கும் முதல் இருபத்துச்சொச்சம் நிமிடங்களைப் பார்த்து, அங்கே நின்ற முதிய படைவீரர்களே இது உண்மை என்றார்கள். பக்கத்தில் குண்டு வெடித்ததும் நாயகன் கப்டன் மில்லரின் காது அடைத்துப்போகிறது. எதிரே நிற்பவனின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த அடைப்பு அப்பட்டமான உண்மை. ஆனால் படம் முடியும் இடத்தில், மில்லர் கைத்துப்பாக்கியால் சுட, வந்த டாங்கி வெடிக்கிறது. பார்த்தால் வானத்தில் உதவி விமானம்! நேரம் பார்த்து வரும் உதவி கதைக்கு உரியது. போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள் வானத்தைப் பார்த்தது உதவிக்காக அல்ல, குண்டு போடும் கிபிருக்காகவும் ‘வண்டு’ என்ற வேவு விமானத்துக்காகவும்தான்.

இதே காது அடைப்பை ஸ்பீல்பெர்க்குக்கு முன்பே, 1985இல், எலெம் கிளிமொவ் ‘கம் அண்ட் சீ’ படத்தில் இன்னும் ஆழமாகக் காட்டினார். குண்டு விழுந்த பிறகு அந்தப் பெலருசியச் சிறுவனின் காதில் இரையும் இரைச்சல் நம் காதிலும் ஏறிக்கொள்கிறது. துப்பாக்கி ஏந்தும் ஆசையில் போன அவனுடைய முகம் படம் முடிவதற்குள் கிழவனின் முகமாகிறது. நான் பார்த்த போர்ப்படங்களில் இதையே முதலிடத்தில் வைப்பேன்.

நம் நாட்டில், குறிப்பாகச் சிங்களத் திரையில், இன்னொரு பள்ளி உண்டு. அது சண்டையைக் காட்டாமலே படையினனைக் காட்டுவது. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வில் (1997) கண் தெரியாத தந்தைக்கு முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது, அவர் மகனின் சாவை நம்ப மறுக்கிறார். 2000இல் அரசு அந்தப் படத்தைத் தடுத்தது, உயர் நீதிமன்றம் வழிவிட்டது. விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுளங்க எனு பினிச’ (2005) வெறும் வெளியைக் காவல் காக்கும் சலிப்பைக் காட்டி கான் விழாவில் விருது பெற்றது. எதிர்ப்பக்கத்துக் காவலரணிலும் காத்திருப்பும் பயமும் இதேபோலத்தான் இருந்தன என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ (2015) நம் கதை. தொடக்கத்தில் தோழர்களின் உடல்கள் எரியும் தீயில் போராளி தன் சீருடையையும் போடுகிறான். பேச்சில்லாத அந்தச் சில நிமிடங்களில் தோல்வியின் முழுப் பாரமும் இருக்கிறது. முடிவில் பாரிசுப் புறநகரில் அவன் நடத்தும் சண்டையோ வீரப் பள்ளிக்கே திரும்பிவிடுகிறது. கான் விழாவின் தங்கப் பனை கிடைத்திருந்தாலும், அந்த முடிவை என்னால் ஏற்கமுடியவில்லை.

இன்று வன்னியில் கையில் கமராவோடு குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். வெடி கொளுத்துவதற்கு முன், சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்த அம்மாமாரிடம் போய் இருங்கள். காயக்காரரைச் சுமந்தவர்களிடமும், காவலரணில் இரவு முழுக்க விழித்திருந்தவர்களிடமும் போங்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்காமல், என்ன கேட்டது என்று கேளுங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. இந்த ஆண்டே தொடங்குங்கள்.