உத்திரமேரூரை நடந்து ரசிப்பது எப்படி?

உத்திரமேரூருக்கு வருகிறவர்களில் பலர் ஒரே ஒரு கட்டடத்தின் சுவரைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அந்தச் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டு பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் அதைப் பற்றிப் பேசினார். அந்தப் புகழே இந்த ஊரைச் சுருக்கியும் விட்டது. அந்தச் சுவர் ஊருக்காக எழுதப்பட்டது. வீதிகள், வாய்க்கால்கள், கோயில்கள், ஏரி ஆகியவற்றை நிர்வகிப்பதற்கான விதிகளே அதில் உள்ளன. நிர்வகிக்கப்பட்ட ஊரைப் பார்க்காமல் விதிகளை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிப் பொருள் கைக்கு வராது. உத்திரமேரூரைத் திட்டமிட்டு அமைத்த ஒரு முழு ஊராக, காலால் நடந்து படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நடந்து பார்ப்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து மக்கள் தேடிப்போகும் ஊர்களில், ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்தில் அமைத்த பழைய நகரங்களுக்குத் தனி இடம் உண்டு. குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, கொலம்பியாவின் கார்த்தஹேனா, பெருவின் லிமா ஆகியவை அப்படிப்பட்டவை. ஆன்டிகுவா, லிமா போன்ற ஊர்களில் நடை நடுச் சதுக்கத்தில் தொடங்குவது வழக்கம். அங்கே நின்று தேவாலயம் எந்தப் பக்கம், நகர சபை எந்தப் பக்கம், ஆளுநர் மாளிகை எந்தப் பக்கம் என்று பார்த்தாலே அந்த ஊரில் யார் கை ஓங்கியிருந்தது என்பது விளங்கிவிடும். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1573-இல் புதிய ஊர்களை அமைப்பதற்கான விதிகளை வெளியிட்டார். சதுக்கத்தின் நீளம் அகலத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், குளிர் பிரதேசத்தில் தெருக்கள் அகலமாகவும் வெப்பப் பிரதேசத்தில் குறுகலாகவும் இருக்க வேண்டும் என்றெல்லாம் அவை வகுத்தன. அதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 750-ஆம் ஆண்டில், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் திட்டத்தோடு எழுந்த பிராமணக் குடியிருப்பு உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். ஆன்டிகுவாவில் கேட்கும் கேள்வியை இங்கும் கேட்கலாம்: நடுவில் இருப்பது எது?

உத்திரமேரூரின் நடுவில் இருந்தது அரண்மனையோ கோட்டையோ அல்ல, ஊர்ச்சபை கூடிய மண்டபம். இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என்று நாம் அழைக்கும் கட்டடம் நிற்கும் இடம் அதுதான். நடையை இங்கிருந்தே தொடங்குங்கள். சுவரில் இரண்டு கல்வெட்டுகள் முக்கியமானவை. முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது ஒன்று (919), 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது மற்றொன்று (921). எழுத்து தமிழ், வடசொற்களுக்குக் கிரந்தம். எல்லாவற்றையும் வாசிக்க முடியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு வரியில் க, ட, ம போன்ற சில எழுத்துகளை அடையாளம் கண்டாலே கண் பழகிவிடும். அதைவிட முக்கியம், இரண்டு ஆண்டுக்குள் ஏன் இரண்டு கல்வெட்டு என்று யோசிப்பது. முதல் ஏற்பாட்டில் உறுப்பினரின் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டாவதில் அது 35 முதல் 70 வரை என்று மாறியது, தகுதிகளும் தடைகளும் மேலும் விரிந்தன. விதி போதவில்லை என்று கண்டதும் சபை அதைத் திருத்திக் கல்லில் ஏற்றியிருக்கிறது. பேசி, முடிவெடுத்து, மறுபடி பேசிய மனிதர்களின் தடயம் இது.

தேர்தல் நடந்த விதத்தை அந்த இடத்திலேயே நின்று மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஊர் குடும்பு எனப்படும் 30 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் முதல் முதியவர் வரை சபை நிறைந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? உறுப்பினராக வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவர் கூடாது, இருந்து கணக்குக் காட்டாதவர் என்றைக்குமே கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

தோட்டமும் ஏரியும் எங்கே என்று கேட்டுக்கொண்டே மண்டபத்தை விட்டு வெளியே வாருங்கள். இனிமேல்தான் ஊர் திறக்கிறது. பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970-இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூல், இவ்வூரின் கோயில்கள் ஆகம விதிப்படி மையத்தை ஒட்டித் திசை பார்த்து அமைக்கப்பட்டவை என்று விளக்குகிறது. எனவே சுந்தரவரதப் பெருமாள் கோயில், கைலாசநாதர் கோயில், சுப்பிரமணியர் கோயில் ஒவ்வொன்றுக்கும் போகும்போது, மண்டபத்திலிருந்து அது எந்தத் திசையில், எவ்வளவு நடையில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுந்தரவரதர் கோயிலில் விமானத்தின் மூன்று தளங்களிலும் கருவறை உண்டு. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மேலே ஏறஏறத் திருமாலின் கோலம் மாறும். கைலாசநாதர் கோயிலில் கல் அடித்தளமும் அதன்மேல் செங்கல் விமானமும் சேருகிற இடத்தைப் பாருங்கள். நிலங்களும் இதே ஒழுங்கில் பிரிக்கப்பட்டிருந்தன. வதிகளும் (பாதைகளும்) வாய்க்கால்களும் ஒன்றையொன்று குறுக்கிட, இந்த வதிக்குக் கிழக்கு, இந்த வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு (கிளை வாய்க்கால்) என்று ஒரு வயலின் முகவரியை எழுதிவிட முடிந்தது.

நடை முடிய வேண்டிய இடம் ஏரிக்கரை. வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் இந்த ஏரி, தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயரைத் தாங்கியது. இதைத் தூர்வாருவதற்கான ஏற்பாடுகளைச் சபை கல்லில் பதிவு செய்திருக்கிறது. ஏரி வாரியத்தின் ஆறு பேர் எதற்காக என்பது கரைமேல் நின்றால்தான் உறைக்கும். கரை உடைந்தால் ஊரே இல்லை. கணக்குக் காட்டாதவரை அவ்வளவு கடுமையாக விலக்கியதன் நியாயம் இந்தத் தண்ணீரில் இருக்கிறது. கோயிலை மட்டும் பார்ப்பவர் பக்தியைப் பார்ப்பார், கல்வெட்டை மட்டும் பார்ப்பவர் சட்டத்தைப் பார்ப்பார். சட்டம் எதைக் காப்பாற்றப் பிறந்தது என்பதை ஏரியையும் பார்த்தவரே அறிவார்.

பழைய வீடு ஒன்றுகூட இல்லாத, கான்கிரீட் கடைகளும் பேருந்து இரைச்சலும் நிறைந்த ஊரில் எதை நடந்து பார்ப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆன்டிகுவாவையும் 1773-இல் நிலநடுக்கம் சிதைத்தது, தலைநகரமே வேறிடத்துக்குப் போனது. அங்கே இன்றும் மாறாமல் இருப்பது சதுக்கமும் தெருக்களின் கோடும். மண்ணாலும் மரத்தாலும் கட்டிய வீடு அழியும். கோயில் நிற்கும் இடம், ஏரிக்கரையின் வளைவு, தண்ணீர் ஓடும் சரிவு ஆகியவை எளிதில் அழிவதில்லை. ஓர் ஊரின் பழமையைத் தேடும்போது கட்டடத்தின் வயதைவிட இடங்களுக்கிடையே உள்ள உறவையே முதலில் தேட வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. இது பிராமணர்களின் சபை. பெண்களுக்கு இடமில்லை, உழுதவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் இடமில்லை. அப்படியிருக்க எதைக் கொண்டாடுவது? மறுப்பில் சொல்லப்படுவது முழுக்க உண்மை. இதை இன்றைய மக்களாட்சி என்று அழைப்பது தவறு. ஆனால் ரசிப்பது வேறு, பெருமையடிப்பது வேறு. ஸ்பானிய நகரங்களின் நேர்த்தியான சதுக்கமும் அந்த மண்ணின் பூர்வகுடிகள்மேல் திணிக்கப்பட்டதுதான். அதை மறைக்காமல் சொல்லும்போதுதான் அந்த நடை ஆழம் பெறுகிறது. இங்கும் அப்படியே. வயல் வழியே நடக்கும்போது, சுவரில் பெயரில்லாதவர்களின் உழைப்பில்தான் இந்த ஊர் நின்றது என்பது தானே தெரியவரும். பதவிக்கு இடைவெளி, கணக்குக்குப் பொறுப்பு, உறவினருக்குத் தடை ஆகிய மூன்றும் அந்தச் சபையில் பிறந்தாலும் அதைவிடப் பெரிய கருத்துகள். 1992-இன் 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தமும், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 2016-இல் பெண்களுக்குக் கிடைத்த 50 சதவீத ஒதுக்கீடும் அந்தச் சபையின் கதவை வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களுக்குத் திறந்தன. விதியின் நுணுக்கத்தையும் அதன் குறையையும் ஒருசேரப் பார்ப்பதே முதிர்ந்த ரசனை.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரியில் தண்ணீர் இருக்கும் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். காலையில் வந்தால் கோயில்கள் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டில் மாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள், எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை அழைத்து வந்தால், சுவருக்கு முன்னால் படம் எடுத்ததோடு நிறுத்திவிடாமல் ஏரிக்கரைவரை நடத்திக் கூட்டிப்போங்கள். தங்கள் ஊர் ஏரிக்கு இன்று யார் பொறுப்பு, அதன் கணக்கை யார் காட்டுகிறார்கள் என்று அவர்கள் ஊர் திரும்பிக் கேட்கத் தொடங்கினால், உத்திரமேரூரைச் சரியாகப் பார்த்துவிட்டீர்கள் என்று பொருள்.