பந்து கையை விட்டபின்

என்பிஏ கூடைப்பந்து லீகின் அட்லாண்டா ஹாக்ஸ் அணி 2026 ஜனவரியில் டிரே யங்கை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவர்கள் இருவர்: 34 வயது சி.ஜே. மெக்காலம், கோரி கிஸ்பர்ட். முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றுகூட வரவில்லை. நான்கு முறை ஆல்-ஸ்டார் ஆனவர், ஏழு ஆண்டுகள் அணியின் முகமாக இருந்தவர், அவருக்கு இவ்வளவுதானா மதிப்பு என்ற புலம்பல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. இங்கே அமீரகத்தில் அந்தப் புலம்பலில் கொஞ்சம் சொந்தப் பாசமும் கலந்திருக்கிறது. 2022 அக்டோபரில் என்பிஏ முதன்முதலாக வளைகுடாவுக்கு வந்து அபுதாபி யாஸ் தீவின் எத்திஹாத் அரங்கில் ஆடியபோது வந்த இரண்டு அணிகளில் ஒன்று ஹாக்ஸ். மில்வாக்கி பக்ஸை இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. இங்குள்ள பல பிள்ளைகள் நேரில் கண்ட முதல் பெரிய பாயிண்ட் கார்டு யங்தான்.

அவருக்காக வாதாடுகிறவர்கள் சொல்வது இது: 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 11.6 அசிஸ்ட் கொடுத்து லீகில் முதலிடம் பிடித்தவரைத் தன்னலக்காரர் என்பது அபத்தம். அவர் தூரத்திலிருந்து எறிவதால்தான் எதிரணியின் தடுப்பு விரிகிறது, மற்றவர்களுக்கு வழி கிடைக்கிறது. கூட இருந்தவர்கள் சரியில்லை என்றால் அவர் என்ன செய்வார்?

அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. 2021-22 பருவத்தில் மொத்தப் புள்ளிகளிலும் மொத்த அசிஸ்டுகளிலும் அவரே முதல்வர். அதற்குமுன் அதைச் செய்தவர் 1972-73இல் டைனி ஆர்ச்சிபால்ட். அந்தப் பருவத்தில் ஹாக்ஸின் தாக்குதல் லீகின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஓடிவரும் கிளின்ட் கப்பேலாவின் கைக்கு, வளையத்துக்கு மேலே, இரண்டு பேரைத் தாண்டி அவர் தூக்கிப்போட்ட பாஸைப் போல இன்று போடக்கூடியவர்கள் சிலரே. ஃப்ளோட்டரும் அருமை. 2023 பிளேஆஃபில் பாஸ்டனில், கடைசி இரண்டு மூன்று விநாடிகளில், நெடுந்தூரத்திலிருந்து எறிந்து ஹாக்ஸை 119-117 என்று வெல்ல வைத்தாரே, அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத நண்பர் இல்லை. பார்த்துவிட்டேன். அடுத்த ஆட்டத்தில் ஹாக்ஸ் தோற்று வெளியேறியதையும் பார்த்தேன்.

அந்த எறிதான் என் வழக்கு. பலமுறை கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன். யங் பந்தைத் தட்டியபடி நடுக்கோட்டைத் தாண்டுகிறார். ஷாட் கிளாக்கில் இன்னும் 17, 18 விநாடி மிச்சம். கப்பேலா ஸ்கிரீன் போட மேலேறி வருகிறார், இன்னும் வந்து சேரவில்லை. வலது மூலையில் ஒருவர் காலை ஊன்றி, கைகளை விரித்து, பந்துக்குத் தயாராக நிற்கிறார். யங் இரண்டு தட்டு தட்டிவிட்டு, தரையில் வரைந்த லோகோவுக்கு அருகிலிருந்து, வளையத்துக்கு ஒன்பது மீட்டர் தூரத்தில், எழும்பி எறிகிறார். மற்ற நால்வரும் பந்தைத் தொடாமலே அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது.

விழுந்தால் அரங்கம் எழுந்து நிற்கும். ஆனால் எத்தனை விழுகின்றன? 2022-23இல் அவருடைய மூன்று புள்ளி எறிகளில் வளையத்துக்குள் போனவை நூற்றுக்கு 33.5. லீகின் சராசரி 36க்குச் சற்று மேல். அதாவது அவர் ஒரு முறை எறிந்தால் அணிக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி. அதே பருவத்தில் ஒரு சராசரி அணி நூறு வாய்ப்புகளில் 114 புள்ளிக்கு மேல் எடுத்தது. ஷாட் கிளாக் முடியப்போகிறது, வேறு வழியில்லை என்றால் அந்த ஒரு புள்ளி லாபம். 18 விநாடி கையில் இருக்கும்போது அது நஷ்டம். போதாததற்கு, நெடுந்தூர எறி தவறினால் பந்து வளையத்தில் பட்டு வெகுதூரம் துள்ளும். எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடும்போது எதிரே தனியாக நிற்பவர் பெரும்பாலும் எறிந்தவரே. ஆறு அடி ஓரங்குலம், இரண்டங்குலம் உயரமுள்ளவர் அங்கே எதைத் தடுப்பார்?

2021 ஜூனில் பிலடெல்பியாவில் நடந்த ஏழாவது ஆட்டத்தைச் சொன்னால் ரசிகர்கள் மகிழ்வார்கள். இரண்டரை நிமிடம் இருக்கும்போது அவர் தூரத்திலிருந்து ஒன்றை வீழ்த்தினார், ஹாக்ஸ் கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது. அன்று அவர் எறிந்தவை 23, விழுந்தவை 5. அணியைக் கரைசேர்த்தது 27 புள்ளி எடுத்த கெவின் ஹியூர்ட்டர். அடுத்த தொடரில் யங் கணுக்கால் சுளுக்கி வெளியே உட்கார்ந்த நான்காவது ஆட்டத்தில், அவர் இல்லாமலே, பக்ஸை 110-88 என்று ஹாக்ஸ் தோற்கடித்தது. ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது சரிதான். ஆனால் அந்த ஓர் எறியை வைத்து ஐந்தாண்டு தீர்ப்பு எழுதியவர்கள் அதை எனக்குச் சொல்லக்கூடாது.

தடுப்பு விரிகிறது என்ற வாதத்துக்கு வருகிறேன், அதுதான் வலுவானது. தூரத்திலிருந்து எறிபவரை எதிரணி தூரத்திலேயே மறிக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை. ஸ்டெஃபன் கரியின் அணி அதை வைத்தே கோப்பைகளை வென்றது. ஆனால் கரி என்ன செய்கிறார் என்று பாருங்கள். பந்தைக் கொடுத்த மறுநொடி ஓடத் தொடங்குகிறார். ஒரு ஸ்கிரீனைச் சுற்றி மூலைக்கு, அங்கிருந்து இன்னொன்றைச் சுற்றி மேலே. அவர் பின்னால் இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். அந்த இருவர் விட்டுப்போன இடத்தில் யாரோ ஒருவர் சும்மா லேஅப் போடுகிறார். கரியிடம் பந்து இல்லாதபோதுதான் எதிரணிக்கு அதிக பயம்.

யங்கின் அச்சுறுத்தல் பந்தோடு சரி. கொடுத்தபின் அவர் நடுக்கோட்டுப் பக்கமாக ஒதுங்கி, இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அவரைக் காக்க வேண்டியவர் முதுகைக் காட்டிவிட்டு இன்னொருவருக்கு உதவப் போகலாம், ஒன்றும் ஆகாது. ஐந்து பேர் ஆட்டம் அந்த விநாடியில் நால்வர் ஆட்டமாகிறது. 2022 பிளேஆஃபில் மயாமி இதைத்தான் பயன்படுத்தியது. ஆள் மாறி ஆள் வந்து பந்தை அவர் கையிலிருந்து பிடுங்கியது அல்லது அவரை விட வைத்தது, விட்டபின் அவரை மறந்துவிட்டது. ஐந்து ஆட்டங்களில் 69 எறிகள், 22 மட்டுமே விழுந்தன. ஆட்டத்துக்கு ஆறுக்கு மேல் டர்ன்ஓவர். முதல் ஆட்டத்தில் 12 எறிகளில் விழுந்தது 1.

இதற்கு மருந்தாகத்தான் டிஜான்டே மர்ரேயைக் கொண்டுவந்தார்கள். சான் அன்டோனியோவுக்கு மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து வாங்கிய ஆள். அவர் பந்தைக் கொண்டுவருவார், யங் கரியைப் போல ஓடுவார் என்பது திட்டம். இருவரும் சேர்ந்து ஆடிய முதல் ஆட்டம் அபுதாபியில்தான். பயிற்சி ஆட்டம்தானே, எல்லாம் அழகாகவே இருந்தது. பிறகு நடந்தது ஆளுக்கொரு முறை: ஒருவர் பந்தைத் தட்டும்போது மற்றவர் நின்று பார்ப்பார். முதல் ஆண்டு 41 வெற்றி, 41 தோல்வி. அடுத்த ஆண்டு 36 வெற்றி, 46 தோல்வி. 2024 கோடையில் மர்ரே நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார்.

அப்போதும் குறை மர்ரே மேல்தான் விழுந்தது. அதற்குமுன் பயிற்சியாளர்கள் மேல் விழுந்தது. லாயிட் பியர்ஸை 2021இல் பருவ நடுவில் நீக்கினார்கள், நேட் மெக்மில்லனை 2023இல் பருவ நடுவில் நீக்கினார்கள், குவின் ஸ்னைடர் வந்தார். மூவரும் மூன்று விதமாக ஆட்டத்தை வகுத்தார்கள். பந்து போனபின் யங் நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை. உடல் இடம்கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்; அவரை விடக் குள்ளமானவர்களும் ஓடுகிறார்கள். விருப்பமில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், பருவத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல் வாங்கியவரைப் பற்றிச் சொல்கிறேன் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அசிஸ்ட் கணக்கும் இங்கே முழு உண்மையைச் சொல்லாது. ஒருவரே 15, 16 விநாடி பந்தை வைத்திருந்து கடைசியில் கொடுத்தால், அது புள்ளியானால் அவருக்கு அசிஸ்ட், தவறினால் வாங்கியவருக்குக் கெட்ட பெயர். 2024-25இல் அந்த 11.6க்குப் பக்கத்திலேயே ஆட்டத்துக்கு 4.7 டர்ன்ஓவரும் இருக்கிறது. அணி 40 வெற்றி, 42 தோல்வி. அந்தப் பருவத்தின் எமிரேட்ஸ் என்பிஏ கோப்பைக் காலிறுதியில் நியூயார்க்கை அவர்கள் ஊரிலேயே வென்றுவிட்டு, அவர்கள் லோகோவின் மேல் பகடை உருட்டுவதுபோல் யங் நடித்துக்காட்டினார். அரையிறுதியில் மில்வாக்கியிடம் தோற்றார்கள். அவர் காலத்தில் ஹாக்ஸ் வென்ற பிளேஆஃப் தொடர்கள் மொத்தம் இரண்டு, இரண்டுமே 2021இல்.

அமெரிக்க அணி ஒன்றின் வரவுசெலவு நமக்கெதற்கு என்று கேட்கலாம். மாலையில் அபுதாபியிலோ ஷார்ஜாவிலோ விளக்குப் போட்ட ஆடுகளம் ஒன்றின் ஓரமாக நின்று பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் நடுக்கோட்டைத் தாண்டியதும் நின்று எறிகிறான். நம் ஆடுகளங்களில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், அவன் அதற்கும் இரண்டு மீட்டர் பின்னால் நிற்கிறான், பந்து வளையம்வரை போவதே இல்லை. அது வயதின் ஆசை, விட்டுவிடலாம். பந்தை நண்பனிடம் கொடுத்தபின் இடுப்பில் கைவைத்து நிற்கிறானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் களத்தில் ஆடும் பிலிப்பைன்ஸ்காரர்கள் எட்டு மணி நேர வேலை முடித்து வந்தவர்கள், அவர்கள் கொடுத்துவிட்டு வெட்டி ஓடுகிறார்கள். துபாய் கூடைப்பந்து அணி யூரோலீகில் சேர்ந்தபின் கோகோ-கோலா அரங்கில் ஐரோப்பிய அணிகள் ஆடுவதையும் இங்கிருந்தே பார்க்க முடிகிறது. அங்கே கார்டுகள் பந்தில்லாமல் ஓடும் ஓட்டத்தைப் பையன்களுக்குக் காட்டலாம்.

2027 ஆகஸ்டு இறுதியில் தோஹாவில் கூடைப்பந்து உலகக் கோப்பை தொடங்குகிறது, 32 அணிகள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கால் பகுதி ஆட்டமாவது பந்தைப் பார்க்க வேண்டாம். பந்தைக் கொடுத்த கார்டு அடுத்த ஐந்து விநாடி எங்கே போகிறார் என்று மட்டும் அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.